அறுபது கிலோமீற்றர்

ஞாயிறு காலை ஏழு மணி. ஒரேத்தோத் தெருவில் மரியமலரின் வீட்டை வழக்கம்போலத் திறந்துகொண்டு போன சிவானுஜா, கிழவி கட்டிலில் செத்துக் கிடப்பதைக் கண்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். ஆனால் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. ஓகஸ்ட் வெக்கையில் யாரோ போர்வையைக் கழுத்துவரை இழுத்து விட்டிருந்தார்கள்.

கதவு உடையவில்லை. வெளியில் இருந்த சாவி இரண்டு. ஒன்று, கிழவியைப் பராமரிக்க வரும் சிவானுஜாவிடம். மற்றது மகன் யசிந்தனிடம். அவன் நோர்வேயின் வடக்கு முனையில் மீன் தொழிற்சாலையில் வேலை. என்றைக்காவது வருவான் என்று, அவன் போகும்போதே தாய் கொடுத்துவிட்ட சாவி. மூன்று வருடமாக அவன் வரவில்லை.

பங்குக் கோயிலிலிருந்து போன் எடுத்துச் சொன்ன பிறகு, திங்கள் மாலை வந்தான். வந்த கையோடு சிவானுஜாவைப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் பிடித்துக் கொடுக்கப்போவதாகச் சொன்னான். வழக்கு விழுந்தால் அவளுக்குப் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்கள். வன்னிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மேல்மாடி செல்வராசா படிக்கட்டுக் கழுவிப் பிழைக்கும் கிழவர். அழுகிறவனையும் நம்பமாட்டார், அழாதவனையும் நம்பமாட்டார்.

"தம்பி, எப்பிடி வந்தனீர்?"

"நான் இருக்கிறது ஸ்கார்விக்கிலை. அங்கை மூடுபனி, பிளேன் இல்லை. லங்நெஸ்ஸுக்குக் காரிலை போய் ஏறினனான்."

"தூரமோ?"

"அறுபது கிலோமீற்றர். ஒரு மணித்தியாலம்."

"வழியிலை எங்கையும் நிண்டனீரோ?"

"நேர் ரோட்டு. கிழமைக்கு ரெண்டு தரம் ஓடுறனான். நீங்கள் என்ன பொலிஸோ?"

"இல்லை. பொலிசுக்குச் சம்பளம் இருக்கு."

படியில் குந்தியிருந்த சிவானுஜாவிடம் போனார்.

"பிள்ளை, அந்த ரெண்டு ஊரையும் போனிலை பார்."

அவள் பார்த்தாள். "நடுவிலை கடல், மாமா. பிளேனுக்குத்தான் அறுபது. கார் கடலைச் சுத்திப் போகோணும். இருநூற்றுத் தொண்ணூறு காட்டுது."

"போன் பொய் சொல்லும். இன்னொண்டிலையும் பார்."

அதுவும் அதையே சொன்னது.

செல்வராசா அவளையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"நீர் சொன்னது பறவை போற தூரம், தம்பி. கிழமைக்கு ரெண்டு தரம் ஓடுறவனுக்கு நடுவிலை கிடக்கிற கடல் தெரியாதோ? நீர் அந்தப் பக்கமே போனதில்லை. எங்கையோ எழுதிக் கிடந்ததைப் பாத்துச் சொன்னீர். சாவி உம்மட்டை இருந்தது. கள்ளன் செத்தவைக்குப் போர்வை போர்த்தமாட்டான். மகன்தான் போர்த்துவான். எடுத்தது நீர்தான்."

யசிந்தன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"மொண்டெல்லோவிலை இருக்கிறன். ரெஸ்டோரன்டிலை கோப்பை கழுவுறன். பேப்பர் இல்லை. நோர்வேயிலை இருக்கிறன் எண்டு அம்மாவுக்குச் சொன்ன பிறகு, எந்த முகத்தோடை வாறது?"

மொண்டெல்லோ இதே நகரின் கடற்கரை; பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்.

"கொடியை வித்து, பேப்பருக்கு வக்கீலைப் பிடிப்பமெண்டு சனி ராத்திரி வந்தனான். அம்மா முழிச்சிட்டா. 'எப்ப மோனை வந்தனீ' எண்டு எழும்பினவ, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்திட்டா."

"உயிர் இருந்ததோ?"

"கொஞ்ச நேரம். களைச்சு வந்திருப்பாய், சாப்பிடு எண்டவ."

"அம்புலன்சுக்கு அடிச்சனீரோ?"

அவன் சட்டைப் பையிலிருந்து கொடியை எடுத்துச் சிவானுஜாவிடம் நீட்டினான். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"என்னட்டைத் தராதேங்கோ, அண்ணை. பொலிஸிட்டைக் குடுங்கோ. நான் எடுக்கேல்லை எண்டு உங்கடை வாயாலை சொல்லுங்கோ."