நிறையாத தொட்டி

பட்டறைக்காரர் கடப்பாரையோடுதான் வந்தார். வாசலில் சாத்திவிட்டு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அது கையிலேயே இருந்தது.

"பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் எங்க கிணத்துல கசியுதுன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். இல்லேன்னா இன்னிக்கே போய் உடைச்சிடுவேன்."

அண்ணி பேனாவை மூடி வைத்தாள். வீடுகளில் வரும் விரிசலும் ஒழுகலும் எதனால் என்று பார்த்துச் சொல்லும் பொறியாளர் அவள். அவளுக்குக் கார் ஓட்டுவதும் பெட்டி தூக்குவதும் அவள் கணவனின் தம்பி. வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்று பேர்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

பட்டறைக்காரர் கடப்பாரையை இறுகப் பிடித்தார். "என் பொண்ணுக்கு. டைஃபாய்டு. ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. கிணத்துத் தண்ணிதான் காரணமா இருக்கும்னு டாக்டர் சொல்றாரு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு அனுப்பறாங்க." கடப்பாரை தரையில் தட்டியது. "வந்து மறுபடி அதையேதான் குடிக்கணுமா?"

"உடைச்சிடலாம் அண்ணி," என்றான் அவசரம். மற்றவர் கோபம் அவனுக்குச் சளி மாதிரி. எதிரில் உட்கார்ந்தாலே தொற்றிக்கொள்ளும்.

"தப்பான டேங்கை உடைச்சா, அவ வந்து அதையேதான் குடிப்பா," என்றாள் அண்ணி. "வாங்க, பாக்கலாம்."

அது மாடி வீடு. கீழே பட்டறைக்காரர் குடும்பம். மேலே அவருடைய அண்ணன். பெயின்ட், சிமென்ட், தரைப்பொடி விற்கும் கடை வைத்திருப்பவர். வீட்டைக் கட்டியவரும் அவர்தான். கொல்லையில் கிணறும், இரண்டு வீட்டுக்கும் பொதுவான செப்டிக் டேங்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீடு. மதிலில் ஒரு மூலை ஏற்கெனவே இடிந்து கிடந்தது. பட்டறைக்காரர் முந்தின நாள் கை வைத்த இடம்.

"எங்க டேங்கைச் சந்தேகப்படவே வேணாம்," என்றார் கடைக்காரர். "கட்டின நாள்லேர்ந்து ஒரு தடவை கூட நிறைஞ்சதில்லை. கழிவு அள்ற வண்டியையே கூப்பிட்டதில்லை. அந்த ஆள் வீட்டுக்கு அடிக்கடி வண்டி வருது. தெருவே மூக்கைப் பொத்திக்கிட்டு நடக்கும்."

"அண்ணன் கை வச்சா அப்படி," என்றார் பட்டறைக்காரர். அந்தக் கோபத்திலும் குரலில் பெருமை இருந்தது.

மதிலுக்கு மேல் தையல்காரரின் தலை தெரிந்தது. கழுத்தில் அளவு நாடா. "நிறையுது, காலி பண்றேன். அது ஒரு குத்தமா? நாலு நாளா என்னைக் கொலைகாரனைப் பாக்கற மாதிரி பாக்கறாங்க."

அண்ணி பதில் சொல்லாமல் கொல்லையைச் சுற்றினாள். கோடை வெயிலில் தரை வெடித்துக் கிடந்தது. மதிலோரம் முழுக்கக் கட்டாந்தரை. பட்டறைக்காரர் வீட்டு டேங்கிலிருந்து கிணறு வரை மட்டும் புல் பச்சைப் பசேல் என்று வளர்ந்திருந்தது.

"அங்கேர்ந்து கசிவு இங்க வரைக்கும் வந்திருக்கு," என்றான் அவசரம், மதிலைக் காட்டி.

"வந்திருக்கு," என்றாள் அண்ணி. அவள் மதிலைப் பார்க்கவில்லை.

மாடிப்படியின் கீழே காலி தண்ணீர் கேன்கள் அடுக்கியிருந்தன. "மேல கேன் தண்ணியா?"

"வீட்டுக்காரிக்குக் கிணத்து ருசி பிடிக்கலை," என்றார் கடைக்காரர்.

அண்ணி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "தையல்காரர் வீட்டுக் கக்கூஸ்ல சிவப்புச் சாயம் ஊத்தப்போறேன். அங்கேர்ந்து கசிஞ்சா கிணறு சிவக்கும். அதுவரைக்கும் யாரும் இந்தத் தண்ணியை வாயில வைக்காதீங்க. பல் தேய்க்கக் கூடாது, பாத்திரம் கழுவக் கூடாது."

தையல்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கிளம்பும்போது, பட்டறைக்காரரின் மனைவியிடம் கேட்டுக் கைப்பையோடு கீழ்வீட்டுக் கக்கூசுக்கும் போனாள். கைப்பை எதற்கு என்று அவசரம் நினைத்தான். பொம்பளைங்க விஷயம் என்று விட்டுவிட்டான்.

சனிக்கிழமை காலை ஃபோன் வந்தது. கிணறு சிவந்திருந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடப்பாரை மறுபடி பட்டறைக்காரர் கையில் இருந்தது. அண்ணி வாளியை இறக்கி, கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கூடத்து மேஜையில் வைத்தாள். செங்கல் கரைத்த மாதிரி இருந்தது. தையல்காரரையும் கூட்டிவரச் சொன்னாள்.

"இனிமே என்ன பேச்சு?" என்றார் கடைக்காரர். "சாயமே சாட்சி சொல்லிடுச்சு."

தையல்காரர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவினார். "நான் குடும்பத்தோட கோர்ட்டுக்குப் போவேன்."

"போ. என் பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போனா. நீ கோர்ட்டுக்குப் போ."

"உக்காருங்க," என்றாள் அண்ணி. "எல்லாரும். பாட்டிலை யாரும் அசைக்காதீங்க."

உட்கார்ந்தார்கள். அவள் டீ கேட்டாள். கேன் தண்ணீரில் டீ வந்தது. அவள் ஆற அமரக் குடித்தாள். அவசரத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணி, இன்னும் எதுக்குக் காத்திருக்கோம்?"

"நான் தையல்காரர் வீட்டுல ஊத்தினது வெறும் தண்ணி," என்றாள் அவள். "என்கிட்ட சிவப்புச் சாயமே கிடையாது."

தையல்காரர் தலை நிமிர்ந்தார்.

"கிணறு சிவக்கணும்னு ஆசைப்பட்ட யாரோதான் கிணத்தைச் சிவப்பாக்கியிருக்காங்க. இப்ப பாட்டிலைப் பாருங்க."

சிவப்பு அடியில் இறங்கிச் சேறு போல் படிந்திருந்தது.

"சாயம்னா கரைஞ்சு நிக்கும். இது படியுது. பொடி. தரைக்குப் போடற ரெட் ஆக்சைடு." அவள் கடைக்காரரைப் பார்த்தாள். "உங்க கடையில மூட்டை மூட்டையா இருக்கறது."

மேலே தெளிந்து நின்ற தண்ணீரில் ஜன்னல் வெளிச்சம் பட்டது. அது பச்சையாக மினுங்கியது.

"அந்தப் பச்சைதான் என்னோட சாயம். கீழ்வீட்டுக் கக்கூஸ்ல ஊத்தினேன். நிறையற டேங்க்தான் நல்ல டேங்க். வர்றதைப் பிடிச்சு வைக்குது. உங்களோடது நிறையவே இல்லைன்னா, எல்லாம் எங்க போச்சு? புல்லுக்குப் போச்சு. கிணத்துக்குப் போச்சு. அடியில தளம் போட்டிருக்கீங்களா?"

கடைக்காரர் மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "மண்ணாவே விட்டா நிறையாதுன்னு விட்டுட்டேன். எல்லாரும் அப்படித்தான் கட்டறாங்க."

"சரி, தெரியாம கட்டினீங்க. கேன் தண்ணிக்கு எப்ப மாறினீங்க?"

பட்டறைக்காரர்தான் பேசினார். "போன வருஷம். இவன் பையனுக்கு வயித்தால போச்சு. அதுக்கப்புறம்." குரல் மெதுவாக இருந்தது. "உனக்குத் தெரியும்."

"தண்ணியை லேப்ல குடுத்துப் பாத்தேன். தம்பி, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்வேன்? தெரு பூரா நீ என் கட்டடத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தே."

பட்டறைக்காரர் எழுந்தார். பாட்டிலைத் திறந்து, தெளிந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஊற்றி, அண்ணன் முன்னால் வைத்தார்.

"குடி."

அவசரம் பாதி எழுந்து நின்றான். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அண்ணியைப் பார்த்தான். அவள் தடுக்கவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

"குடிக்க மாட்டார்," என்றாள். "போன வருஷத்துலேர்ந்தே குடிக்கலை."

பிறகு டம்ளரை எடுத்துச் சாக்கடையில் கொட்டினாள். "டேங்கைக் காலி பண்ணி, அடியில கான்கிரீட் போட்டு, உள்பக்கம் கசியாம பூசணும். கிணத்தை இறைச்சு மருந்து போடணும். சோதனையில சுத்தம்னு வர்ற வரைக்கும் அதைக் குடிக்கக் கூடாது."

பட்டறைக்காரர் கடப்பாரையை அண்ணன் மடியில் வைத்தார். "மூடியை நீயே உடை."

தையல்காரரிடம் திரும்பிப் பேச வாயெடுத்தார்.

"மன்னிப்பெல்லாம் வேணாம்," என்றார் தையல்காரர். "மதிலைக் கட்டிக் குடுங்க." போய்விட்டார்.

பட்டறைக்காரர் மாடி ஏறினார். யாரையும் கேட்காமல் ஒரு முழு கேனைத் தோளில் வைத்து இறக்கிவந்து, தன் அடுப்படியில் வைத்தார். மறுபடி ஏறி இன்னொன்று கொண்டுவந்தார். கொல்லையில் கடப்பாரை விழும் சத்தம் ஆரம்பித்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து மகளின் சின்ன டம்ளரை எடுத்து, கேன் தண்ணீரில் கழுவி, கவிழ்த்து வைத்தார்.