ஆடியில் எடை மாற்றக் கூடாது

எங்கள் ஊரில் விடிந்ததும் முதல் வேலை, வாசலில் இருக்கும், வீட்டின் எடை பார்க்கும் நிறைப்படியில் குடும்பத்தோடு ஏறி நிற்பது. பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் காப்பி. மகள் மேகலா தலைப்பிரசவத்துக்கு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சிவப்புதான்.

வெள்ளம் வந்தால் வீடு தரைக்கொக்கிகளை விட்டு மேலெழுந்து மிதக்கும். ஆனால் எடை கூடினால் கொக்கி விடாது. விட்டால் வீடு கவிழ்ந்துவிடும் என்று அந்தப் பாழாய்ப்போன இயந்திரத்துக்குத் தெரியும். மேகலாவின் எடையைப் புகுந்த வீட்டுக் கணக்கிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்குக்கு மாற்றியிருந்தால் நகராட்சி ஆட்கள் வந்து அடியில் இன்னொரு மிதவை பூட்டியிருப்பார்கள். சம்பந்தியம்மாள்தான் குறுக்கே நின்றாள்.

“ஆடி பொறந்துடுச்சு. ஆவணியில மாத்திக்கலாம்.”

வெள்ளம் என்ன, பஞ்சாங்கம் பார்த்தா வருகிறது?

வெள்ளம் வந்த அன்று காலையே மேகலாவுக்கு வலி கண்டது. செவிலி வருவதற்குள் பாலம் மூழ்கிவிட்டது. மதியம் வெள்ள எச்சரிக்கைச் சங்கு ஊதியது. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாவற்றையும் என் வீட்டுக்காரர் தனசேகர் தண்ணீரில் தள்ளினார். அப்போதும் சிவப்பு. தண்ணீர் ஜன்னலைத் தொட்டது.

பக்கத்து வீட்டு ஃபிலோமினா அக்கா தன் வீட்டிலிருந்து எங்கள் ஜன்னலுக்குப் பலகை போட்டாள். “ஒருத்தருக்குத்தான் எடமிருக்கு. அதுவும் ஒடம்பு இல்லாத ஆளா வாங்க!”

“நான் போறேன்,” என்றார் அவர்.

“உங்க ஒடம்புக்கு அவங்க வீடும் சேர்ந்து முழுகும்!” என்றேன்.

மேகலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா, போவாத. அப்பாவுக்கு என்னம்மா தெரியும்?”

அந்தக் கையை நானே பிரித்துவிட்டேன். பலகையைத் தாண்டியதும் எங்கள் வீடு படாரென்று மேலே எழுந்து விலகிப் போனது.

வீட்டுத் திரையில் செவிலி சொல்லச் சொல்ல அவர்தான் பிரசவம் பார்த்தார். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன்! மேகலா கத்தும்போதெல்லாம் இந்தப் பக்கமிருந்து, “முக்குடி கண்ணு, முக்கு!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஃபிலோமினா அக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் தண்ணீரில் குதித்திருப்பேன்.

சாயங்காலம் குழந்தையின் அழுகை கேட்டது.

“பொண்ணு! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க!” என்று அவர் ஜன்னலில் நின்று அழுதார். நான் எந்தச் சாமியையும் விடாமல் கும்பிட்டேன். ஃபிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மேகலாவின் குரல் வந்தது, சோர்வாக, ஆனால் பெருமை பொங்க.

“அம்மா, புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கும்மா!”

எங்கள் வீட்டு விளக்கு இன்னும் பச்சைதானா என்று எட்டிப் பார்த்தேன்.