கழி எட்டாத இடம்

கழி சுவரில் இடிக்கவில்லை.

மூக்கம்மாள் கரும்பாலைக் கொட்டகையின் அடுப்பு வாயில் ஒரு கன்னம் தரையில் படப் படுத்து, மூங்கில் கழியை உள்ளே நீட்டியிருந்தாள். தினமும் கழியின் நுனி அடுப்பின் கோடிச் சுவரைத் தொட்டதும் டொக்கென்று காய்ந்த சத்தம் ஒன்று வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் உள்ளே எதுவும் படுத்திருக்கவில்லை என்று பொருள். இன்று நுனி எதிலோ பட்டு நின்றது, ஆனால் சத்தம் வரவில்லை. ஈரத் துணிமூட்டையைத் தொட்டதுபோல மெத்தென்றிருந்தது. கழியை இழுத்துவிட்டு மறுபடி நீட்டினாள். டொக். இன்னொரு தரம் நீட்டினாள். டொக். அப்படியானால் முதலில் பட்டது என்ன?

"புள்ள, சாறு காத்துக் கெடக்கு," என்றான் கொப்பரைப் பக்கம் நின்ற அவள் புருஷன் பெரியமுத்து. பாகு காய்ச்சுவது அவன் வேலை, அடுப்பு எரிப்பது அவள் வேலை.

"உள்ள யாருமில்லையே?"

"யாருமில்ல."

"நல்லாப் பாத்தியாய்யா?"

"பாத்தாச்சு. யாருமில்ல. பத்த வை."

அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்திருந்தது சற்றுத் தளர்ந்தது. காய்ந்த கரும்புத் தோகையைக் கொளுத்துவதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. மறுபடி படுத்து, மறுபடி கழியை எடுத்தாள்.

மார்கழியில் மறையூர்ப் பள்ளத்தாக்கு விடிவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். மலையிலிருந்து இறங்கும் பனி கரும்புத் தோகைகளின் மேல் உட்கார்ந்து, கொட்டகைக்குள் புகுந்து, சக்கைக் குவியலை நனைத்து, மனிதர்களின் மூட்டுக்குள்ளும் இறங்கிவிடும். வெளியே மாடு சுற்றும் ஆலையின் உருளைகள் கரும்பை நெரித்துக்கொண்டு முனகும். புளிக்கத் தொடங்கும் சாற்றின் வாடையும் தீய்ந்த பாகின் வாடையும் பழைய சாம்பலின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறும். அந்த நேரத்தில் அங்கே கதகதப்பான இடம் ஒன்றே ஒன்றுதான், முந்தின நாள் எரிந்த அடுப்பின் வயிறு. ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு அது பெரிது. கோடியில் புகைக்கூண்டுப் பக்கமாக வளையும். அந்த வளைவுக்குள் கழியும் போகாது, விளக்கு வெளிச்சமும் போகாது. பூனை, நாய், சாரைப்பாம்பு எல்லாம் சூட்டுக்காக அங்கே போய்ச் சுருண்டுகொள்ளும். அதனால் தீ வைக்குமுன் கழியால் தட்டி, "எந்திரிச்சுப் போ, தீ வருது" என்று குரல் கொடுப்பது அடுப்பு எரிப்பவர்களின் வழக்கம்.

ஒரே ஒரு நாள் அவள் குரல் கொடுக்கவில்லை. அந்தப் பருவத்தின் முதல் கடும்பனி. ஐந்து வயது மகள் பூமாரிக்குச் சுரம். இரவு முழுக்கத் தூங்காத கண்ணோடு வந்தவள், தோகையைக் கொளுத்தி அடுப்பு வாயில் தள்ளிவிட்டாள். தீ பிடித்துச் சற்று நேரம் கழித்து உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒரே சத்தம்தான். பிறகு சக்கை வெடிப்பது மட்டுமே கேட்டது. சாயங்காலம் பெரியமுத்துதான் சாம்பலை வாரினான், அவளைக் கிட்டே வரவிடவில்லை. எதையோ சாக்கில் அள்ளிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்தான்.

"ஆட்டுக்குட்டி," என்றான். "ஆட்டுக்குட்டி கத்தினா பிள்ள கத்துன மாதிரிதான் இருக்கும்."

யார் ஆடு என்று அவள் கேட்கவில்லை. யாரும் ஆட்டைத் தேடிக்கொண்டு வரவும் இல்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். பூனைக்கு அந்த வசதி உண்டு. கூலிக்காரிக்கு மறுநாளும் அதே அடுப்புதான்.

அன்று தொடங்கியது இந்தப் பாடு. தான் வேலைக்கு வந்த பிறகு பூமாரி விழித்து, அம்மாவைத் தேடி வந்து, குளிருக்கு அடுப்புக்குள் நுழைந்துவிடுவாள் என்ற எண்ணம் அட்டைபோல ஒட்டிக்கொண்டது. குடிசைக் கதவைச் சாத்திவிட்டுப் பாதி வழி வந்து, சாத்தினோமா என்று திரும்பி ஓடுவாள். பக்கத்துக் குடிசைக் கமலாத்தாளிடம் பிள்ளையை விட்டுவிட்டு வந்தாள், அப்போதும் ஓடினாள். கைச் சாம்பலைக் கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. வெல்லம் தொண்டையில் இறங்கவில்லை.

குளிருக்கு அடுப்பைத் தேடி வரும் பிள்ளைகளை அவள் பார்க்காதவள் இல்லை. விஷக்காய்ச்சல் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோன வருஷத்துக்குப் பின்னால், தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண்பிள்ளை எங்கிருந்தோ வந்து கொட்டகையில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஆத்தா, குளிருது" என்று அடுப்பு வாயில் குந்தியிருக்கும். கொப்பரை வழித்த பாகைத் தோகையில் வைத்து இவள் கொடுப்பாள். பனி தொடங்கியபின் அதைக் காணோம். பொதிமாட்டுக்காரர்களோடு உடுமலைப்பேட்டைக்குப் போயிருக்கும் என்றார்கள். போன இடத்திலாவது வயிறு நிறையட்டும் என்று மூக்கம்மாளும் நினைத்துக்கொண்டாள்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மூக்கம்மாள் அடுப்புக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடுகிறாள் என்று கரும்பு வெட்டுகிறவர்கள் சிரித்தார்கள். ஆலைக்காரர் ரத்தினசாமி சிரிக்கவில்லை. இன்னொரு நாள் சாறு புளித்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி பெரியமுத்து கோபமில்லாமல், மிகவும் அலுத்துப்போன குரலில் சொன்னான்.

"என்னால முடியல புள்ள. இது இப்படியே போச்சுன்னா பூமாரிய எங்க அக்காகிட்டக் கொண்டுபோய் விட்டுருவேன். நீ ஒங்க ஊருக்குப் போயி மனசு தேறி வா."

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தான் இத்தனையும். அதனாலேயே பிள்ளை கையை விட்டுப் போகப்போகிறது.

கழி மெத்தென்று பட்ட அந்தக் காலையில்தான் யாக்கோபு வந்தார். மேலே தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். திருநெல்வேலிக்காரர். ஜெர்மன் சண்டைக்காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியோடு கடல் தாண்டிப் பஸ்ரா வரை போய் வந்தவர். வெல்லம் வாங்க வந்தவர், அவள் எழுந்து எழுந்து படுப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்காமல் கேட்டார்.

"பஸ்ராவுல ஒரு சிப்பாய் இருந்தான் தாயி. துப்பாக்கியில குண்டு இல்லன்னு பாப்பான். திரும்பவும் பாப்பான். விடிய விடியப் பாப்பான். இது பேயும் இல்ல, செய்வினையும் இல்ல. பயந்துபோன மனசு செக்குமாடு மாதிரி ஒரே எடத்தச் சுத்துது. நோய்தான்."

"மருந்து இருக்கா ஐயா?"

"தூங்குறதுக்கு ஒரு மருந்து தாரேன். நோய்க்கு மருந்து வேற. ஒரு தரம் பாரு. ஒரு தரம் குரல் குடு. பொறவு பத்த வச்சிரணும். திரும்பப் பாக்கணும்னு மனசு அடிச்சுக்கும், அடிச்சுக்கட்டும். கை நடுங்கட்டும். நாளாக நாளாக அதுவே அலுத்துப்போயி அடங்கும்."

பிறகு பெரியமுத்துவிடம் திரும்பினார்.

"நீரு பதில் சொல்லக்கூடாது வே. அவ கேக்கக் கேக்க யாருமில்ல யாருமில்லன்னு சொல்லுதீரே, அதுதான் அந்த நோய்க்குத் தீனி. இனிமே அந்தக் கேள்விக்கு வாயத் தொறக்காதேயும்."

பெரியமுத்து தலையாட்டினான். தலைச்சுமையை இறக்கி வைத்தவன் முகம்போல இருந்தது அவன் முகம். இனிமேல் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டாம் என்பதில் அவளைவிட அவனுக்குத்தான் நிம்மதி என்று அவளுக்குப் பட்டது.

முதல் நாள் தீ வைத்துவிட்டு ஓடிப்போய்ச் சக்கைக் குவியலின் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. "உள்ள யாருமில்லையே?" என்று வாய் தானாகக் கேட்கும். பெரியமுத்து முதுகைக் காட்டிக்கொண்டு கொப்பரையைத் துடைப்பான். பதில் வராத அந்த இடம் முதலில் கிணறுபோல ஆழமாக இருந்தது. போகப்போக அது வெறும் மௌனம்தான் என்று பழகியது. கை வெடிப்பு ஆறியது. ஒருநாள் சூடான வெல்லத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள், இனித்தது. கம்பவுண்டர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதாரக் கும்பிட்டாள்.

தை பிறக்கச் சில நாட்கள் இருந்தன. அன்று பனி மிக அதிகம். கொட்டகைக்கு வெளியே ஆலை முனகுவது கேட்டது, மாடு தெரியவில்லை. ஆடை கட்டத் தொடங்கியிருந்த சாற்றின் வாடை கனமாக நின்றது. மூக்கம்மாள் படுத்து, ஒரு தரம் கழியை நீட்டினாள். டொக். ஒரு தரம் குரல் கொடுத்தாள். "எந்திரிச்சுப் போ, தீ வருது." தோகையைக் கொளுத்திக் கையில் பிடித்தாள். நிதானமாகத்தான் இருந்தாள். கொட்டாவிகூட வந்தது. வாய் பழக்கத்தில் கேட்டது.

"உள்ள யாருமில்லையே?"

"யாருமில்ல."

நல்லது என்று நினைத்துக்கொண்டே குனிந்தாள். குனிந்தவள் நின்றுவிட்டாள்.

பெரியமுத்து பேசக்கூடாதே.

அது ஆண் குரலும் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். அவன் முதுகுதான் தெரிந்தது. கொப்பரையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏய்யா, கேட்டுச்சா?"

அவன் பதில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பதுதான் வைத்தியம்.

"ஏய்யா!"

முதுகு அசையவில்லை.

எரியும் தோகையை மண்ணில் போட்டு மிதித்துவிட்டு ஓடினாள். வைத்தியம் போகட்டும். வேலை போகட்டும். பனிக்குள் வழி தெரியவில்லை. காலில் கரும்புக் கட்டை குத்தியது. கமலாத்தாளின் படலைத் தள்ளித் திறந்தாள்.

"என்ன அம்மிணி, இந்நேரத்துல? பாப்பா தூங்கறா பாரு. ராவெல்லாம் என்ற பக்கத்துலயேதான் கெடந்தா."

கம்பளிக்குள் பூமாரி. முகத்தைத் தொட்டாள். காலைத் தொட்டாள். சாம்பல் இல்லை. சூடு இருந்தது. மூச்சு இருந்தது. மூக்கம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதாள். நோய்தான். கம்பவுண்டர் சொன்னபடி வெறும் நோய்தான். பிள்ளையைக் கம்பளியோடு அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். பெரியமுத்து கண்ணால் பார்க்கட்டும். அதற்குப்பின் ஆயுசுக்கும் அவனை ஒன்றும் கேட்கமாட்டாள்.

கொட்டகைக்குள் நுழைந்தபோது பெரியமுத்து அடுப்பு வாயின் முன்னால் குந்தியிருந்தான். அவள் போட்டுவிட்டுப் போன தோகையை மறுபடி பற்ற வைத்துக் கையில் பிடித்திருந்தான். ஆனால் உள்ளே தள்ளவில்லை.

"இந்தா, பாருய்யா. இங்கதான் இருக்கா. தூங்குறா. எனக்குத்தான் புத்தி பிசகிப்போச்சு."

அவன் பிள்ளையை நிமிர்ந்து பார்த்தான். முகம் தெளியவில்லை. உள்ளே இருப்பது பூமாரி இல்லை என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோலப் பார்த்தான். பிறகு அடுப்புக்குள் பார்த்தான். அந்த வளைவு. கழி எட்டாத இடம்.

"ஆட்டுக்குட்டிதான்னு சொன்னேனே," என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

"என்னய்யா?"

வெளியே ஆலை நின்றுவிட்டிருந்தது. பிறகு அவன் கேட்டான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் கேட்டான்.

"உள்ள யாருமில்லையே, புள்ள?"

பதில் அவளுக்குத் தெரியும். அதே பதில்தான். வாயைத் திறந்தாள்.

அதற்குள் உள்ளிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது.

"யாருமில்ல ஆத்தா. பத்த வைங்க. குளிருது."

பூமாரி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் மூச்சு அம்மாவின் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. தோகை எரிந்து பெரியமுத்துவின் விரலைத் தொட்டது. அவன் கையை உதறவில்லை.