மாடிப் போனில் ஒரு டிங்

வீட்டுக்கார சங்கரலிங்கத்துக்கு நூர்பானுவின் அத்தா கொடுக்க வேண்டியது ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு ரூபாய். வாடகை பாக்கி இல்லை. அம்புட்டும் போன் பில்.

ராஜபாளையத்தில் அந்த வீட்டுக்கு ஒரே லைன்தான். கீழே சங்கரலிங்கம் வீட்டில் ஒரு போன். அதிலிருந்து ஒயர் இழுத்து மாடியில் நூர்பானு வீட்டில் ஒரு போன். அவள் அத்தா பீர் மைதீன் பேண்டேஜ் துணி வியாபாரி. அந்த லைனில் மோடத்தை மாட்டித்தான் கம்ப்யூட்டரில் மெயில் அனுப்புவார்.

மோடம் கீச்சிடும், கத்தும், பொறவு லைன் சேரும். பாதி மெயில் போயிருக்கும்போது அறுந்துவிடும். திரும்ப முதலிலிருந்து டயல் பண்ண வேண்டும். ஒவ்வொரு டயலுக்கும் காசு ஏறும்.

“நாளைக்குள்ள பணம் வரலைன்னா மாடி ஒயரை வெட்டிப்புடுவேன்” என்று சங்கரலிங்கம் சொல்லிவிட்டார்.

இன்று ஆறு மணிக்குள் விலைப்பட்டியல் சென்னைக்குப் போனால் ஆர்டர் கிடைக்கும், அதைக் காட்டித் தவணை கேட்கலாம். போகாவிட்டால் கடனை அடைக்க வழியே இல்லை. அதற்குள் மூன்று தடவை அறுந்துவிட்டது. அத்தா கடிகாரத்தையும் மோடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மோடம் கெட்டுப்போச்சா அத்தா?”

“அது நல்லாத்தான் கத்துது. எனக்குத்தான் கத்தத் தெம்பு இல்ல.”

நான்காம் தடவை டயல் செய்தபோது அவள் போன் பக்கத்திலேயே காதை வைத்து உட்கார்ந்தாள். பாதி மெயில் போனது. ‘டிங்’ என்று மணி லேசாகத் தட்டியது. லைன் அறுந்தது.

கீழ்வீட்டில் போனை எடுத்தால் மாடியில் இப்படித்தான் சத்தம் வரும். அது அவளுக்குத் தெரியும்.

படியிறங்கி ஓடினாள். சங்கரலிங்கம் அப்போதுதான் ரிசீவரை வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னட்டி?”

“மாமா, யாருக்குப் போன் பண்ணீங்க?”

“யாருக்கும் இல்ல. பில்லு என் பேர்லல்லா வருது. லைன் இன்னும் ஓடுதான்னு பயந்து பயந்து எடுத்துப் பாக்கேன். பேய் மாதிரி அலறுது. உடனே வச்சிருதேன்.”

அவர் எடுப்பதால்தான் லைன் அறுகிறது என்று சொன்னால், கோபத்தில் இப்பவே ஒயரை வெட்டினாலும் வெட்டுவார். ஆனால் பில்லுக்குப் பயப்படுவது அத்தா மட்டும் இல்லை, அவரும்தான் என்று நூர்பானுவுக்குப் புரிந்தது.

“மாமா, நீங்க எடுத்தா லைன் அறுந்துரும். அத்தா திரும்ப டயல் பண்ணுவாங்க. காசு ஏறும்” என்றாள் மெல்ல. “லைன் ஓடும்போது என் சிவப்பு ரிப்பனை மாடி ஜன்னல்லருந்து தொங்க விடுதேன். முடிஞ்சதும் இழுத்துக்கிடுதேன். நீங்க கடிகாரத்தைப் பாத்துக் குறிச்சுக்கோங்க. போனை எடுக்கவே வேண்டாம்.”

அவர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். “ஒரு நாளைக்குப் பத்து தடவை எடுத்திருப்பேனே.”

ரிப்பன் கீழே இறங்கியது. மோடம் கத்தியது. நூர்பானு போன் மணியையே பார்த்தாள். அது தட்டவே இல்லை. ஐந்தே முக்காலுக்கு மெயில் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

செத்த நேரத்தில் படியில் செருப்புச் சத்தம். சங்கரலிங்கம் கையில் கணக்கு நோட்டு. நூர்பானு அத்தாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

“பாய், நான் எடுத்துப் பாக்க ஆரம்பிக்கதுக்கு முன்னாடி பில்லுல உங்க பங்கு எம்புட்டு வரும்?”

“இருநூறு வரும்ணே.”

“அதை மட்டும் குடுங்க. மிச்சம் அந்த அலறலைக் கேட்டதுக்கு, நானே கட்டிக்கிடுதேன். கேட்டவன் நான்தான?”

அத்தா இருநூறை எண்ணிக் கொடுத்தார். சங்கரலிங்கம் வாங்கிக்கொண்டு, நோட்டில் பீர் மைதீன் என்ற பேருக்கு நேரே இருந்த பாக்கியின் மேல் நீளமாக ஒரு கோடு போட்டார்.