மாற்றி ஒட்டிய குழாய்

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த, ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பற்றி யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஆய்வகத்தில் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். காலையிலிருந்து ஓயாமல் மாரடிக்கிறாள். தன் கைதான் சூடாயிருக்கும் என்று குழாயை மேசையில் வைத்தாள்.

வாய்ப்புற்றுக்கு அறுவை முடிந்தவர்களின் ரத்தத்தில் ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அளவு ஏறினால் நோய் திரும்பி வருகிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு வெளியாளைத் தேடி யார் அலைவது? வேலை பார்ப்பவர்களே கையை நீட்டிவிடுவார்கள். இந்த வாரம் அவள் முறை.

நோயாளிகளில் ஒருத்தி அவளுடைய அக்கா. பாதி நாக்கை வெட்டியெடுத்துவிட்டார்கள். பேசினால் பாதி புரியாது. அக்காவின் அளவு திரையில் வந்தது. நன்றாகவே ஏறியிருந்தது. "இன்னொரு தடவ வெட்டுனா செத்துடுவேன்டி" என்று காலையில்தான் அக்கா குழறிக் குழறிச் சொல்லியிருந்தாள்.

தன் குழாயின் ஒட்டுத்தாளையும் அக்காவின் ஒட்டுத்தாளையும் உரித்து மாற்றி ஒட்டினாள். திங்கட்கிழமை டாக்டரிடம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை பாவம், நிம்மதியாகத் தூங்கட்டும்.

"உனக்கு வந்தது எனக்கே வந்துட்டுப் போகட்டும்க்கா." அலுப்பில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

இரண்டு குழாய்களையும் மறுபடி அளந்து பார்க்க இயந்திரத்தில் வைத்தாள். அது உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. ஸ்பிரிட் வாடைக்கு அடியிலிருந்து இன்னொரு வாடை மெல்லக் கிளம்பியது. வார்டில் புண்ணின் கட்டைப் பிரிக்கும்போது குப்பென்று வருமே, அந்த அழுகல் வாடை. ஜன்னலைத் திறந்தாள். போகவில்லை. மூக்கையும் வாயையும் கையால் பொத்தினாள். வாடை கைக்குள்ளேதான் இருந்தது.

போன் அடித்தது. அக்கா.

"ஏய், நான் பேசுறது கேக்குதாடி?"

ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக விழுந்தது.

"தூங்கி எழுந்தா வாய்க்குள்ள என்னவோ புரளுது. நாக்குடி! முழு நாக்கு! வாழைப்பழம்... கேட்டியா? வாழைப்பழம்!" அக்கா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

"அக்கா" என்று கூப்பிட இவள் வாயைத் திறந்தாள். எச்சில்தான் வழிந்தது.

நாக்கால் பல்லைத் துழாவினாள். ஒரு பக்கம் எட்டியது. மறுபக்கம் ஒன்றுமில்லை. தையல் முடிச்சு மட்டும்.

"என்னடி, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?"

இயந்திரத்திலிருந்து, அக்கா பெயர் ஒட்டிய தன் குழாயைப் பாய்ந்து எடுத்தாள். நகத்தால் ஒட்டுத்தாளின் ஓரத்தைக் கிளப்பினாள்.

"வாழைப்ப... ஏய், என்னமோ... வாயப்பம்..."

நாக்கு கொஞ்சம் நீண்டது. கடைவாய்ப் பல் தட்டுப்பட்டது.

"வேணாம்டி... என்ன பண்ற... வே... வே..."

கண்ணிலிருந்து தாரை தாரையாய் வழிந்தது. விரல் மட்டும் நிற்கவில்லை. உரித்துக்கொண்டே இருந்தது.