இல்லாத லிஃப்ட்

மழைக்கு ஒதுங்க ஓடி வந்தவள் மாடிப்படியின் அடியில் குடையை மடக்கினாள். மடக்கிய வேகத்தில் அதன் கம்பி, மேலிருந்து இறங்கி வந்தவனின் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். பை கிழிந்தது. அதிலிருந்த சிவப்பு மார்க்கர் மழைத் தண்ணீரில் விழுந்து மிதந்து போனது.

"பார்த்து வரக் கூடாதா?" என்றான்.

"நான் நின்னுட்டுத்தான் இருந்தேன். வந்தது நீங்க."

உண்மைதான். அதுதான் அவனுக்கு எரிச்சல். நனைந்த இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... மன்னிப்புக் கேட்கும் எண்ணமே இல்லாத கண்கள். அழகாக வேறு இருந்து தொலைத்தன.

மறுநாள் மாலை அதே கண்கள் அவனுடைய வகுப்பின் முதல் வரிசையில்...

மாடியில் அவன் அக்கா நடத்தும் ஆங்கில வகுப்பு அது. பாடம் எடுப்பது அவன். அவளோ ஒரு லிஃப்ட் கம்பெனியில் புகார் போனை எடுப்பவள். இங்கே தேர்வில் தேறாவிட்டால், போனை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கிரீஸ் டப்பாக்கள் அடுக்கும் பின்னறைக்கு அனுப்பிவிடுவார்களாம்.

'நடந்தால்', 'இருந்தால்' என்று சொல்லவைக்கும் 'இஃப்' பாடம் ஆரம்பித்த நாளோடு அவன் நிம்மதி போனது.

முதல் வகை, நடக்கக்கூடியது. லிஃப்ட் நின்றால் மெக்கானிக் வருவார் என்பதை அழகாகச் சொன்னாள். தினமும் போனில் சொல்வதுதானே. அடுத்த வகை, இல்லாததைக் கற்பனை செய்வது. நான் மேயராக இருந்தால் சாலைகளைச் சரிசெய்வேன் என்று சொல்லச் சொன்னான். தான் மேயர் இல்லையே என்றாள். மூன்றாவது, நடந்து முடிந்ததை மாற்றி நினைப்பது. சீக்கிரம் கிளம்பியிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பேன் என்று பலகையில் எழுதினான். 'இஃப்' வரும் பாதியில் 'உட்' வரக் கூடாது, அது மற்ற பாதிக்குத்தான் என்று தொண்டை வறள விளக்கினான். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, எந்த ரயில் சார் என்றாள்.

வகுப்பு சிரித்தது. அன்றே அவளுக்கு 'நிஜம்' என்று பெயரும் வைத்துவிட்டது.

ஒருநாள் பொறுமை இழந்து, "உதாரணத்துக்கு ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

அவள் எழுந்தாள். "எங்க அப்பா வாயைத் திறந்தாலே 'கிடைச்சா', 'முடிஞ்சா', 'நேரம் வந்தா'தான் சார். அதைக் கேட்டே வளர்ந்தோம். ஒண்ணும் வரலை. கடைசியில அவரும் வரலை."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும்... வகுப்பு ரொம்ப ஒழுங்காக நடந்தது. சொன்னதை எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். எந்த ரயில் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"வாசலையே பார்த்துப் பாடம் நடத்தினா வாசல்தான்டா பாஸாகும்," என்றாள் அக்கா. போய் மன்னிப்புக் கேள் என்றும் சொன்னாள். நான் ஏன் கேட்கணும் என்று முறைத்தான்.

முறைத்தவன்தான், தேர்வுக்கு முதல் நாள் கம்பெனியின் புகார் எண்ணை அழைத்தான். அவள் குரல் கேட்டதும் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

"லிஃப்ட் நின்னுடுச்சு," என்றான். வகுப்பு நடக்கும் கட்டடத்தின் முகவரியையே சொன்னான்.

எதிர்முனையில் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்தக் கட்டடத்துல லிஃப்ட்டே கிடையாது சார்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குப் போன்?"

கேட்க வந்ததை விட்டுவிட்டு, அன்று பேசியது தப்பு, நாளைக்குத் தேர்வுக்கு வந்துவிடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். வைத்த பிறகு தன்னையே கண்டபடி திட்டிக்கொண்டான்.

வந்தாள். எல்லார் முன்னிலையிலும் அக்காதான் கேள்வி கேட்டாள். அவன் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தான். இல்லாததைக் கற்பனை செய்யச் சொன்னபோது, இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தால் சிலர் பொய் சொல்ல வேண்டியிருக்காது என்றாள். ஆங்கிலத்தில் ஒரு பிழையில்லை.

"மூணாவது வகை," என்றாள் அக்கா.

அவள் மேசையைப் பார்த்தாள். காது மடல்கள் சிவந்திருந்தன. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

நேற்று சார் லிஃப்ட்டைப் பற்றிப் பேசாமல் என்னைக் கேட்டிருந்தால், நான் சரி என்று சொல்லியிருப்பேன்.

'உட்' சரியான பாதியில்தான் வந்தது என்று அவன் மூளை பழக்கதோஷத்தில் குறித்துக்கொண்டது. அப்புறம்தான் அர்த்தம் உறைத்தது. நிஜம் வெறும் உதாரணத்துக்காக ஒரு வாக்கியம்கூடச் சொன்னதில்லையே... அது வகுப்புக்கே தெரியும். வகுப்பே அவன் பக்கம் திரும்பியது.

"பாஸ்," என்றாள் அக்கா. "நீ ஏன்டா இன்னும் நிக்கிறே?"

அவள் அதற்குள் படியிறங்கியிருந்தாள். அதே படியடி, அதே மழை. அவளுடைய குடை பாதி விரிந்திருந்தது. சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டே பக்கத்தில் போய் நின்றான்.

"நீங்க இல்லாத வகுப்பு ரொம்ப அமைதியா இருக்கு. என்னால தாங்க முடியலை. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு..." மூச்சு வாங்கியது. "இப்ப கேட்டா, என்ன சொல்வீங்க?"

அவள் அலுப்போடு பெருமூச்சு விட்டாள். கண்கள் மட்டும் சிரித்தன.

"மறுபடியும் 'கேட்டா'வா? கேளுங்க சார்."

கேட்டான்.