சொல்லக்கூடாத பெயர்

கண்ணாடிப் பாத்திரத்தின் மூடி நகர்ந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் சைரகுல் அதை அழுத்தி மூடியிருந்தாள். உள்ளே பட்டுப்போன வால்நட் கட்டை இருந்தது. அதில் பரவியிருந்த மஞ்சள் சளிப்பூஞ்சையைக் காணோம். அதற்குத் தீனியாகத் தூவிய ஓட்ஸை அது தொடவே இல்லை. மழையில் ஊறிய தோல் செருப்பின் வாடை மட்டும் அடுக்களை முழுக்க நின்றது.

கூழாக ஊரும்போது அது என்ன இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. காம்பும் மணியுமாகக் காய்த்தால்தான் பெயர் தெரியும். இதற்கு மட்டும் பெயர் கண்டுபிடித்துவிட்டால் தலைநகர் பிஷ்கெக்கில் ஆய்வக வேலை, இந்த வீட்டிலிருந்து விடுதலை. மற்றவையெல்லாம் சாம்பல். வருடக்கணக்காகக் காட்டில் அலைந்து சேர்த்து, தீப்பெட்டிகளுக்குள் ஒட்டி வைத்திருந்த மாதிரிகளை மாமியார் நேற்று அள்ளி அடுப்பில் போட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "தீப்பெட்டி அடுப்புக்கில்லாம வேற எதுக்குடி? எம் மவன் ரஷ்யாவுல செங்கல் சுமக்குறான், நீ சளி வளக்குற" என்றாள்.

பாவி. மருமகள் மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து சைரகுல் சொன்னதில்லை. நேற்று கட்டையிலிருந்த பூஞ்சையின் மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"உம் பேரு புருல்சா. நாசமாப் போ."

இப்போது விடிந்து வெகுநேரமாகியும் கிழவி டீ கேட்டுக் கத்தவில்லை. கிடக்கட்டும், தொண்டை காயட்டும் என்று நினைத்தாள். பூஞ்சைதான் வேண்டும். அது போன தடம் ஈரமாய் மின்னியது, மேசைக்காலில் இறங்கி, கம்பளத்தைக் கடந்து, மாமியார் அறைக் கதவின் அடியில் நுழைந்திருந்தது.

கதவைத் தள்ளினாள்.

கிழவி படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அசையவில்லை. உதட்டில், இமையில், காதுக்குள், மெல்லிய காம்புகளில் பழுப்பு மணிகள். அடர்த்தியாக.

காய்த்திருந்தது.

சைரகுலின் கை தானாகவே பூதக்கண்ணாடியைத் தேடியது. ஒரு மணி வெடித்துத் தூள் பறந்தது.

பின்னால், அடுக்களையில், கட்டை இருந்த பக்கமிருந்து மாமியாரின் குரல். படுக்கையில் உதடு அசையவில்லை.

"எம் பேரச் சொல்லிட்ட. இப்ப நான் சொல்றேன்."

இத்தனை வருடத்தில் அந்தக் குரல் அவளை ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"சைரகுல்."

கம்பளத்தில் மஞ்சள் தடம் திரும்பியது. அவள் காலை நோக்கி.